எச்சார் சாரின் இடது தோள்

வேலைக்குப் போன ஜோதிலட்சுமி, வெயில் ஏறுவதற்குள் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் திரும்பி வந்து இறங்கினாள். கையில் திறக்காத சோற்றுத் தூக்கு. ஸ்டேஷன் வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "இன்னாம்மா, கம்பெனி லீவா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. எனக்கு மட்டும் லீவு," என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள். நின்றிருந்தால் அங்கேயே அழுதிருப்பாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அந்த போல்ட் கம்பெனி கேட்டில் நடந்தது இதுதான். தினமும் "வா தாயி" என்று சிரிக்கிற செக்யூரிட்டி இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல், உள்ளே போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன்ன உள்ள உட வேணாம்னு எச்சார் சாரு சொல்லிட்டாரும்மா. என்னிய ஒண்ணும் கேக்காத." அவருடைய செல்போனிலும் அந்த வீடியோ இருந்தது. அதைப் பார்த்து அவரும் வயிறு நோகச் சிரித்திருப்பார். கம்பெனியே சிரித்திருந்தது. சிரித்தவர்களெல்லாம் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போக, ஜோதி மட்டும் தூக்கோடு வெளியே நின்றாள்.

அந்த வீடியோவில் இருந்தது எல்லாரும் எச்சார் சார் என்று கூப்பிடுகிற ஹெச்.ஆர். மேனேஜர் சந்திரமோகன். அவரே இல்லை, அவரைப் போலப் பேசிக் காட்டிய ஜோதி.

பாக்கிங் ஷெட் கம்பெனியின் பின்கோடியில் இருக்கிறது. குவித்துப்போட்ட போல்ட்டுகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, மரை சரியில்லாததைப் பொறுக்கி எறிந்துவிட்டு நல்லதை அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். சோப்பு போட்டு எத்தனை முறை கழுவினாலும் கையில் எண்ணெய் வாடை போகாது. சாப்பிடும் சோற்றிலும் இரும்பு மணக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அத்தனை பெண்களுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு பாத்ரூம் கிடையாது. ஆபீஸை ஒட்டி ஒன்று இருந்தது, அதற்கு எப்போதும் பூட்டு. இன்னொன்று கம்ப்ரஸர் ரூமுக்குப் பின்னால், ரிவர்ஸ் எடுக்கும் லாரிகளையும் டீ குடிக்கும் ஆம்பளைகளையும் தாண்டிப் போக வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. அதனால் காலையில் வீட்டில் குடித்த டீயோடு சரி. சாயங்காலம் ரயிலேறும்வரை ஒருத்தியும் வாயில் தண்ணீர் வைக்கமாட்டாள். தாகம் எடுத்தால் உதட்டை நனைத்துக்கொள்வார்கள்.

அவர்களில் ஒருத்தி ஆரோக்கியமேரி, நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்து எழுந்தாள். எழுந்ததும் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு சந்திரமோகனைப் போய்ப் பார்த்தாள்.

சந்திரமோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உயரம் அதிகமில்லை, குரலும் அப்படியொன்றும் கனமில்லை. ஆனால் இடது தோளைக் கீழே சாய்த்து, வலது கையைச் சட்டைப் பாக்கெட்டின்மேல் வைத்து, மெதுவாக அவர் நடந்து வருவதைத் தூரத்தில் பார்த்தாலே லாரி டிரைவர் பீடியை மிதித்து அணைப்பான், செக்யூரிட்டி தொப்பியைத் தேடுவார். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார். "ஆஆ..." என்று இழுப்பார். கேட்டவருக்கு, கேட்டதே தப்போ என்று தோன்றுகிற நேரம் பார்த்து, "பாப்பம் நைனா, பாப்பம்" என்பார். ஆணானாலும் பெண்ணானாலும் அவருக்கு நைனாதான். அந்தத் தோளுக்கு இருந்த மரியாதையைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் ஜெரால்டும் இப்போதெல்லாம் பாக்கெட்டில் கை வைத்துக்கொண்டுதான் பேசுகிறான். தோள்தான் இன்னும் சரியாகச் சாயவில்லை. பழகிக்கொண்டிருக்கிறான்.

ஆரோக்கியமேரி போன வேகத்தில் திரும்பி வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள் டப்பாவைத் திறக்காமல் அழுதாள். "அத்தினி பேர் நிக்கறோம், மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லல ஜோதி. ஃபேனப் பாத்துச் சொல்றாரு. ஃபேனுக்கா காச்சல் வந்துச்சு?"

ஜோதிக்கு யாராவது அழுதால் தாங்காது. அழுகையை நிறுத்த அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அடுத்தவரை அச்சாகச் செய்து காட்டுவது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் அதற்காக முட்டிபோட்டிருக்கிறாள். எழுந்து நின்றாள். இடது தோள் இறங்கியது. கை ஜாக்கெட்டின் மேல் போய் உட்கார்ந்தது. கண் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் போனது.

"ஆஆ... பாத்ரூமா? பாப்பம் நைனா, பாப்பம். இப்ப டப்புக்கு எங்க போறது? நீங்க வந்து... தண்ணி கொஞ்சம் கம்மியாக் குடிச்சா கம்பெனிக்கும் நல்லது, ஒடம்புக்கும் நல்லது."

குரல் அவர் குரல். ஒருத்தி சிரித்து, எல்லாரும் சிரித்து, ஆரோக்கியமேரிக்குக் கண்ணில் தண்ணீரோடு சிரித்துப் புரையேறியது. பொன்னேரியிலிருந்து வருகிற நாஜியா அதைச் செல்போனில் பிடித்து, "பாக்கிங் லேடீஸ்" குரூப்பில் போடுகிறேன் என்று "பாக்கிங் செக்‌ஷன்" குரூப்பில் போட்டுவிட்டாள். அந்தக் குரூப்பில் ஜெரால்ட் இருந்தான். மறுநாள் காலை கேட் மூடிக்கொண்டது.

அன்று சாயங்காலம் வசந்தகுமார் வந்தான். ஜோதியின் புருஷன், அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல் வாசல்படியிலேயே குந்தினான்.

"சாரு கூப்ட்டு உட்டாரு," என்றான்.

"இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு? தோளச் சாச்சிக்கினு, பாக்கெட்ட புடிச்சிக்கினு..." அவனையறியாமல் அவன் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. ஜோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத! இத்தாலதான் இம்மாம் பேஜாரு. நாளு பூரா எண்ணெயில வேல செஞ்சிட்டு வரேன், என்னியப் பாத்து அவனவன் பாப்பம் நைனா, பாப்பம் நைனான்றான். எனக்கு எங்க போய் மூஞ்ச வெச்சிக்கறதுன்னு தெரியல."

"நான் இன்னா இல்லாததையா செஞ்சேன்? அவரு சொன்னதத்தான் சொன்னேன்."

"சொன்னியா? தண்ணி கம்மியாக் குடின்னு அவரு எங்க சொன்னாரு? அது நீயா சேத்தது."

அது உண்மைதான். அந்த வரி ஜோதி தானாகச் சேர்த்ததுதான்.

"வர்ற ஆயுத பூஜைக்குப் பெரிய மொதலாளி வராராம். அல்லாரும் குடும்பத்தோட வருவாங்க. அவங்க முன்னாடி மைக்ல நீ எச்சார் சாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேட்டா உன்ன வேலைக்கு எடுக்கறதப் பத்திப் பாப்பாராம். கேக்கலன்னா, என் காண்ட்ராக்டும் இந்த மாசத்தோட முடிஞ்சிடுமாம்."

அடுப்படியிலிருந்து அவன் அம்மா பூவம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "ரெண்டு பேருக்கும் வேல பூடுச்சின்னா, திருவள்ளூர் ஆஸ்டல்ல படிக்கற உம் பொண்ணு நந்தினிக்கு நான் களத்து மேட்டுல இருந்தா பீஸ் கட்டுவேன்? கீற நெலம் சோத்துக்குத்தான் ஆவும். ஏ ஜோதி, உனக்கு இந்தக் கொணம் எதுக்குடி? என்னியச் செஞ்ச, நான் கம்முனு இருந்தேன். தெருவுல கீறவங்க அல்லாரையும் செஞ்ச. இப்ப கம்பெனிக்காரன் தலையில கைய வெச்சிட்ட."

"ஏம்மே, நீ வேற அவளத் திட்டாத. கால்ல உழுந்தாவது மன்னிப்புக் கேக்கட்டும்," என்றான் வசந்தகுமார்.

"கால்லயா?" என்றாள் ஜோதி.

"ஆமா. இன்னா கொறஞ்சிடப் போவுது?"

என்ன குறைந்துபோகும் என்று ஜோதிக்குத் தெரிந்திருந்தது. மைக்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டால், ஆரோக்கியமேரியின் காய்ச்சலும் சேர்ந்து பொய்யாகிவிடும். பாத்ரூம் என்ற பேச்சை இனி ஒருத்தியும் அந்தக் கம்பெனியில் எடுக்கமாட்டாள். ஆனால் நந்தினியின் முகமும் கண்ணுக்குள் நின்றது. கேட்கத்தான் வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டாள், செய்துகொண்டு சாப்பிடாமல் படுத்தாள்.

வேலையில்லாத நாட்களில் மாமியாரோடு கழனிக்குப் போனாள். நட்ட பயிர் பச்சை பிடித்துக் களை கிளம்பியிருந்தது. ஐப்பசி மழைக்கு முந்தின புழுக்கம்; காலடியில் சேறு சுட்டது. குனிந்து களை பறித்தபடி மாமியார் திட்டிக்கொண்டே வந்தாள். களைக்கு ஒரு திட்டு, கம்பெனிக்கு ஒரு திட்டு, மருமகளுக்கு இரண்டு. பாதி வயல் தாண்டியதும் திட்டு நின்றுவிட்டது. ஜோதி நிமிர்ந்து பார்த்தாள். பூவம்மாள் கையில் கோரைப்புல்லோடு வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோதி."

"இன்னா அத்தே?"

"உங்க மாமனச் செய்வியா?"

ஜோதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமனார் அப்பாவு செத்துப்போய் இரண்டு ஐப்பசி மழை பெய்துவிட்டது. அவர் இருந்தபோது அவருக்குத் தெரியாமல் செய்து காட்டியிருக்கிறாள். அவர் போன பிறகு ஒருநாளும் செய்ததில்லை.

"வேணாம் அத்தே. நீ அழுவ."

"அழுதா இன்னா இப்போ? யாரு கீறாங்க இங்க பாக்க? ஒரே ஒரு தபா கூப்டு. வரப்புல நின்னுக்கினு கூப்டுவாரே, அந்த மாரி."

ஜோதி வரப்பில் ஏறினாள். முந்தானையை எடுத்துத் துண்டாகத் தோளில் போட்டாள். கழுத்தை முன்னால் நீட்டி, எரிச்சலும் பசியும் கலந்த அந்தக் குரலை எடுத்தாள். "ஏ பூவு! கஞ்சி எடுத்தாந்தியா, இல்ல ஊட்லயே மறந்துட்டு வந்துட்டியா? கத்திக் கத்தி மன்சனுக்கு உசுரு போவுது!"

"தோ, எடுத்தாந்துட்டேன்," என்றாள் பூவம்மாள். என்னவென்று யோசிக்காமல் வந்த பதில். சொன்னபிறகுதான் உதடு துடித்தது. அப்படியே சேற்றில் நின்று கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள், சேற்றுக்கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டாள். ஜோதியும் இறங்கிவந்து அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது பூவம்மாள் கேட்டாள். "அந்த எச்சார் சார இதே மாரிதான் செஞ்சியா? அச்சு அசலா?"

"ஆமா அத்தே."

"அப்ப அந்தாளு ஏன் கோவப்படுவான்? உங்க மாமன் இருந்திருந்தா, நல்லாத்தான் செய்யறான்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு." ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுச் சொன்னாள். "கேக்கறதுன்னா கேளு. கேக்காம முடியாது. ஆனா கால்ல கீல்ல உழுந்த, நான் உன்ன ஊட்ல சேத்துக்கமாட்டேன்."

ஆயுத பூஜையன்று கம்பெனி அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. தரையைக் கழுவி மரத்தூள் தூவியிருந்தார்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வாழைக்கன்று கட்டிய கேட்டில் அதே செக்யூரிட்டி, புதுச்சட்டையில் நின்றார். ஜோதியைப் பார்த்ததும் தயங்கினார்.

"அண்ணா, நான் வேலைக்கு வரல. வசந்தகுமார் ஊட்டுக்காரம்மாவா வந்துகீறேன். பூஜைக்கு வர குடும்பத்த நிறுத்துவியா?" என்றாள் ஜோதி.

"போ தாயி, போ. நல்லபடியா வா," என்று வழிவிட்டார். பின்னால் பட்டுப்புடவையில் வந்த பூவம்மாளுக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஃபோர்க்லிஃப்டை நகர்த்தி, பொரிகடலை கொடுத்து முடிந்ததும் எல்லாரும் பந்தலுக்கு வந்தார்கள். லாரி டிரெய்லர் ஒன்றில் கார்ப்பெட் விரித்து மேடையாக்கியிருந்தார்கள். மேடையில் இரண்டு பெரிய நாற்காலி. ஒன்றில் பெரிய முதலாளி துளசிராமன், இன்னொன்றில் அவர் மனைவி. சென்னையில் இருக்கிற முதலாளி எப்போதாவது வருவார். கறுப்புக் கண்ணாடி போட்ட கார் நேராக ஆபீஸ் வாசலுக்குப் போகும், அன்றைக்குப் பாக்கிங் பெண்களை ஷெட்டைவிட்டு வெளியே வரவிடமாட்டார்கள். ஜோதி அவரை இதுவரை பார்த்ததே இல்லை. இப்போதும் கூட்டத்தின் பின்னாலிருந்து வெள்ளைச் சட்டையும் நரைத்த தலையும்தான் தெரிந்தன.

முதலாளி பேசவில்லை. சந்திரமோகன் பேசினார். உற்பத்தி, ஒழுங்கு, குடும்பம் என்று பேசி, "இந்தக் குடும்பத்துல ஒருத்தர் தப்புப் பண்ணிட்டாங்க. அவங்களாவே முன்வந்து மன்னிப்புக் கேக்கணும்னு ஆசப்படறாங்க. ஜோதிலட்சுமி, வாம்மா," என்றார்.

பந்தல் அடங்கியது. நாஜியா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஜோதி டிரெய்லரில் ஏறினாள். மைக்கைக் கையில் வாங்கினாள்.

"அல்லாருக்கும் வணக்கம். நான் பாக்கிங் செக்‌ஷன். நான் பண்ணது தப்பு. எச்சார் சாரு என்ன மன்னிக்கணும்." பெரியவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். காலில் விழவில்லை. இறங்கப் போனாள்.

"இரும்மா," என்றார் முதலாளியம்மா. நெடுநேரமாகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த அம்மாள். "தப்பு தப்புன்றியே, என்னாதான் பண்ண?"

"அதொண்ணும் இல்ல மேடம், சின்ன ஒழுங்குப் பிரச்சின..." என்று சந்திரமோகன் குறுக்கே வந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

"சார மாதிரி பேசிக் காட்டுனேம்மா," என்றாள் ஜோதி.

"அவ்வளவுதானா? எங்க, இப்பப் பேசு. நானும் பாக்கறேன்."

ஜோதி சந்திரமோகனைப் பார்த்தாள், அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். கூட்டத்தில் புருஷனைத் தேடினாள். மாலை போட்ட ஃபோர்க்லிஃப்டின் மேல் உட்கார்ந்திருந்தான் வசந்தகுமார். காலில் விழு என்று சொன்னவன். தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, நிமிர்ந்து மோவாயை ஒரு ஆட்டு ஆட்டினான். செய் என்று அர்த்தம்.

செய்தாள். முதலில் ஆரோக்கியமேரியாக, முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் குரலில் பாத்ரூம் கேட்டாள். அப்புறம் இரண்டடி தள்ளி நின்றாள். இடது தோள் இறங்கியது. வலது கை நெஞ்சுக்குப் போனது. முகம் மேலே போனது. "ஆஆ..." என்று இழுத்தாள். கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. "பாப்பம் நைனா, பாப்பம்."

தானாகச் சேர்த்த வரியை அவள் இந்த முறை சேர்க்கவில்லை.

பின்வரிசைப் பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். ஆனால் முன்வரிசையில் சிரிப்பு வரவில்லை. கணக்குப் பிரிவு ஆட்கள் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். பழைய ஃபோர்மேன் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெரால்ட் இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தான். முன்னாலிருந்து பின்னால்வரை சிரிப்பு அவிந்துபோனது. ஏன் என்று ஜோதிக்கு விளங்கவில்லை.

நாற்காலியிலிருந்து முதலாளி எழுந்தார். எழுந்ததும் அவருடைய இடது தோள் கீழே சாய்ந்தது. வலது கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. மெதுவாக, மிக மெதுவாக அவள் பக்கம் நடந்து வந்தார்.

"ஏம்மா," என்றார். தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ். "இந்தத் தோள் எப்டி எறங்குச்சுன்னு தெரியுமா உனக்கு? கொருக்குப்பேட்டைல சின்னப் பட்டற. ஆள் வெக்க டப்பு இல்ல. இரும்பு ராடு எல்லாம் நானே தூக்குவேன். எலும்பு எறங்கிப்போச்சு. அத நீ மேடையேறி நக்கல் பண்றியா?"

"அய்யோ, இல்லீங்கய்யா!" ஜோதி மைக் இருப்பதையும் மறந்து கத்தினாள். "என் பொண்ணு மேல சத்தியமா, உங்கள நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். நீங்க நடந்து இப்பதான் பாக்கறேன். நான் செஞ்சது எச்சார் சாரங்கய்யா! அவருதான் இப்டி நிப்பாரு!"

பந்தலே சந்திரமோகன் பக்கம் திரும்பியது. அவர் மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இடது தோள் சாய்ந்திருந்தது. வலது கை பாக்கெட்டின் மேல் இருந்தது. பதில் சொல்ல வேண்டிய நெருக்கடியில் பழக்கம் அவரை விடவில்லை. மேலே ஃபேன் இல்லாததால் பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது முதலாளியம்மாதான். வாயில் கை வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "ஏம்ப்பா சந்திரமோகன், அவருக்கு இரும்பு தூக்கித் தோள் எறங்குச்சு. உனக்கு என்னாத்தத் தூக்கி எறங்குச்சு? பேனாவையா?"

அவ்வளவுதான். கூட்டம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கணக்குப் பிரிவு சிரித்தது. ஃபோர்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பூவம்மாள் பொரிகடலையை மடியிலிருந்து சிந்திவிட்டுச் சிரித்தாள். கடைசியில் முதலாளியும் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்து, "நெஜமாவே நான் இப்டித்தானா?" என்று மனைவியைக் கேட்டார். "உரிச்சு வெச்சிருக்கா," என்றார் அந்தம்மா.

சந்திரமோகனின் தோள் மெல்ல மேலே ஏறியது. நிமிர்ந்து நின்ற சந்திரமோகனைக் கம்பெனி அன்றைக்குத்தான் பார்த்தது. அப்படி நின்றபோது யாரோ புது ஆள் மாதிரி, கொஞ்சம் பயந்தவர் மாதிரி இருந்தார். திருப்பாச்சூர் விவசாயி மகன், முதல் வருஷம் சொன்னதை ஒருத்தரும் மதிக்கவில்லை என்று அவரைப் பற்றி வசந்தகுமார் ஒருமுறை சொல்லியிருந்தது ஜோதிக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஆளை இந்த அளவுக்கு அச்சு அசலாகப் பிடிக்க எத்தனை காலம் கண்கொட்டாமல் பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தன்னைவிடப் பெரிய வித்தைக்காரர்தான். ஐயோ பாவம் என்றிருந்தது.

"சார்," என்றாள் மைக்கைக் கீழே இறக்கி, தன் சொந்தக் குரலில். "உங்க மனசு நோவற மாதிரி அல்லார் கையிலயும் அந்த வீடியோ பூடுச்சி. அதுக்கு மெய்யாலுமே மன்னிச்சிக்கோங்க."

"பாப்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரிம்மா," என்றார். நைனா வரவில்லை.

முதலாளிக்குச் சிரிப்பு அடங்கியிருந்தது. "அதுல மொதல்ல ஒரு பொம்பள பாத்ரூம் கேக்கறாளே. அது நீயா சேத்ததா, நெஜமா?"

"நெஜங்கய்யா. கேட்டது இவதான்," என்று ஜோதி கை காட்டினாள். ஆரோக்கியமேரி முன்னால் வந்து நின்றாள். தயங்கித் தயங்கி ஆரம்பித்து, பூட்டையும், தாழ்ப்பாள் இல்லாத கதவையும், குடிக்காத தண்ணீரையும், காய்ச்சலையும் சொன்னாள். அத்தனை ஆம்பளைகள் முன்னால் சொல்கிறோமே என்று அவளுக்கு வெட்கமில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஆம்பளைகள்தான் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதலாளி யோசித்தார். அவர் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. முகம் மேலே உயர்ந்தது. "ஆஆ..." என்றார்.

அத்தனை பேரும் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ க்ளுக் என்றாள். முதலாளிக்கு உறைத்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். அண்ணாந்த முகத்தை இறக்கி ஆரோக்கியமேரியை நேராகப் பார்த்தார்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆபீஸ் பக்கத்துல இருக்கறத இப்பவே தெறந்து உடச் சொல்றேன். தீபாவளி கழிஞ்சதும் உங்க ஷெட் பக்கத்துலயே புதுசாக் கட்டறோம். சந்திரமோகன், சாவி எங்க?"

"எங்கிட்டதான் சார்," என்றார் அவர்.

"இவகிட்ட குடு. ஏம்மா, நீ நாளைக்கு வேலைக்கு வரணும், தெரிதா?" என்றார் ஜோதியிடம்.

"நாளைக்கு விஜயதசமி, கம்பெனி லீவுங்கய்யா," என்றாள் ஜோதி.

மறுபடியும் பந்தல் அதிர்ந்தது. வசந்தகுமார் ஃபோர்க்லிஃப்ட் ஹாரனை அடித்தான், விடாமல் அடித்தான். "அவன நிறுத்தச் சொல்லு," என்று முதலாளி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஜோதி டிரெய்லரைவிட்டு இறங்கியதும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நாஜியா கட்டிக்கொண்டு, "யக்கா, என்னால உனக்கு எம்மாம் கஷ்டம்," என்று அழுதாள். "அட போடி, நீ தப்பான குரூப்புல போட்டதாலதான் சரியான ஆளுக்குப் போய்ச் சேந்துச்சி," என்றாள் ஜோதி. பூவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மருமகளின் கையை இறுக்கப் பிடித்தாள். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், கேட்காமலே, "எம் மருமவ" என்று சொன்னாள்.

ஆரோக்கியமேரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் கேனுக்குப் போனாள். டம்ளர் நிறையப் பிடித்துக் கடகடவென்று குடித்தாள். இன்னொரு டம்ளர் பிடித்தாள். "இந்தா, நீயும் குடி," என்று ஜோதியிடம் நீட்டினாள். ஜோதி குடித்தாள். நாஜியா குடித்தாள். புதுப்புடவையில் தண்ணீர் சிந்தச் சிந்தப் பாக்கிங் பெண்கள் அத்தனை பேரும் கேன் காலியாகும்வரை குடித்தார்கள். பிறகு ஆம்பளைகள் வழிவிட்டு நிற்க, முற்றத்தின் நடுவாக, சிரித்துப் பேசிக்கொண்டே ஆபீஸ் பக்கம் நடந்தார்கள்.